முதலில் பார்த்தவன் முதல் குற்றவாளியா?

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அருகருகே அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, ஒலிபெருக்கியை வாடகை வாங்காமல் அனுப்பிய விசைப்படகுச் சங்கத்து நண்பர்களே, பாசி எடுத்துவிட்டு ஈரச்சேலை காயுமுன் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். வேண்டாமென்று சொல்லியும் பொன்னாடை போர்த்திவிட்டீர்கள். காவல்துறையில் முப்பதாண்டு இருந்தவனுக்கு இந்தக் கரையில் அது எளிதில் கிடைப்பதில்லை என்பதால் மடித்து வைத்துக்கொள்கிறேன்.

சந்தேக மரணம் நேர்ந்தால் காவலர்கள் யாரை முதலில் பார்க்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள், கேட்கப்படுகிறவருக்கு என்ன உரிமை என்ற மூன்றையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவாகியிருக்கிறது. எண் மாறியது, ‘உடனே’ என்றிருந்தது ‘24 மணி நேரத்துக்குள்’ என்றானது, ஆனால் அக்கம்பக்கத்தார் இருவருக்குக் குறையாமல் உடனிருக்க, உடலில் கண்டதை எழுதி மேலே அனுப்பும் பிரேத விசாரணை மாறவில்லை.

அந்த அறிக்கையின் மை காயுமுன் காவலரின் மனத்தில் நான்கு பேர் வந்து நிற்பார்கள்: இறந்தவருடன் கடைசியாக இருந்தவர், உடலை முதலில் கண்டவர், வீட்டில் இருப்பவர், கொடுக்கல் வாங்கலில் முட்டியவர். இவர்களை அழைப்பது தவறில்லை. அழைக்காவிட்டால்தான் தவறு. ஆனால் “பழி ஓரிடம், பாவம் ஓரிடம்” என்று நம் கிழவிகள் சொல்வது சும்மா இல்லை. இரண்டாமவரை, அதாவது உடலைக் கண்டு ஓடிவந்து சொன்னவரைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் பங்கும் உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட ஒரு கரையில், விடியற்காலையில் ஓர் உடல் ஒதுங்கியது. பார்த்துச் சொன்னவர் ஒரு படகுக் கூலி. அவருடைய கைகளில் புதிய கீறல்கள், பனியனில் இரத்தக்கறை. இறந்தவரோடு வலைக் கடன் தகராறும் இருந்தது. இளம் உதவி ஆய்வாளனான எனக்கு வேறென்ன வேண்டும்? பிரேத விசாரணை அறிக்கையில் “இடுப்பில் கயிறு கட்டப்பட்ட நிலையில்” என்று எழுதினேன். “கட்டியிருந்த” என்று எழுதாமல் “கட்டப்பட்ட” என்று எழுதியபோதே, கட்டியவன் ஒருவன் இருக்கிறான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அவரை நிலையத்துப் பெஞ்சில் இரண்டு இரவு உட்கார வைத்தோம். “ஏன்டா செஞ்சே?” என்பதுதான் என் முதல் கேள்வி. அதற்கு ஓர் அப்பாவி என்ன பதில் சொல்வான்? அழுதான், அழுகையையும் நான் குற்றமாகவே படித்தேன்.

இரண்டாம் நாள் அவருடைய மனைவி தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்து, “சார், விசாரணைக்கு வச்சிருக்கோம்னு ஒரு காயிதம் மட்டும் எழுதிக் குடுங்க, படகு ஓனர் சம்மாட்டிகிட்ட காட்டணும், இல்லைன்னா வேற ஆளப் போட்டுருவாரு” என்றார். கொடுக்க என்னிடம் காகிதம் இல்லை, ஏனென்றால் அவரை எழுத்தில் அழைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் எங்கள் தலைமைக் காவலர் ஒரு தேநீரை வாங்கிக் கொடுத்துவிட்டு, “அன்னைக்குக் காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்கண்ணே” என்று மட்டும் கேட்டார். முக்கால் மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டிருந்தார். கீறல்கள் கடலடிப் பாறையான பாரில் கிழிந்தவை. கறை, உடலைக் காணுமுன் அறுத்த திருக்கை மீனுடையது. கயிற்றைப் பற்றி அந்தப் படகுக் கூலியே சொன்னார்: “அது சங்கு எடுக்கப் போறவன் பை கட்டுற கயிறு சார். முடிச்சு வயித்துக்கு நேரா கிடக்கு, ஒரு இழுப்புல அவுந்துரும். அடுத்தவன் கட்டுனா அவுத்துக்கிட்டுப் போற மாதிரியா கட்டுவான்?” சட்டையைக் கழற்றி என் இடுப்பிலேயே கட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நீரில் மூழ்கிய மரணம் என்றே மருத்துவர் அறிக்கையும் பிறகு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தப் பாவம் என் மேசையில் இருந்தது.

எப்படிக் கேட்பது என்பதும் இதற்குள் வந்துவிட்டது. முதலில் முழுக்கதையையும் சொல்ல விட வேண்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்க வேண்டும். காவலருக்கும் செய்தவனுக்கும் மட்டுமே தெரியக்கூடிய ஒன்றை வாய்விடாமல் வைத்திருக்க வேண்டும். பிறகு சொன்னதை மனிதரோடு அல்லாமல் கடலுக்குப் போக மீன்துறை தரும் டோக்கன் பதிவு, ஐஸ் கம்பெனி ரசீது, டீசல் பங்கின் கேமரா ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். ராமேசுவரத்து விசைப்படகுக்காரர் கடலில் இருந்தாரா, கரையில் இருந்தாரா என்பதற்கு அடியைவிட டோக்கன் நல்ல சாட்சி.

இனி நான் கையெழுத்து வாங்கி அலையும் விஷயத்துக்கு வருகிறேன். சாட்சியை எழுத்து மூலமே அழைக்க வேண்டும் என்று அன்றைய 160ஆம் பிரிவும் சொன்னது, இன்றைய 179ஆம் பிரிவும் சொல்கிறது. பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டோர், 60 கடந்தோர், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றோர் ஆகியோரை, அவர்களாக விரும்பி நிலையத்துக்கு வந்தாலொழிய, அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். சந்தேகத்துக்குரியவரைக் கைது செய்யாமல் அழைக்க 35ஆம் பிரிவில் அறிவிப்பு இருக்கிறது. இருந்தும் நம் கரையில் இன்றைக்கும் “சும்மா ஒரு என்கொயரி, வந்துட்டுப் போங்க” என்ற ஒரே வாய்ச்சொல்தான். வந்த நேரமும் போன நேரமும் எழுதிய ஒரு தாள் இருந்தால், கடலில் மிதக்கும் உடலைக் கண்டும் வம்பென்று விலகிப் போகும் வல்லங்கள் கரைக்கு இழுத்து வரும். அந்த உடலுக்காக ஒரு வீடு காத்திருக்கிறது.

மௌனம் காக்கும் உரிமை, 2010ஆம் ஆண்டுச் செல்வி வழக்கில் ஒப்புதல் இல்லாத உண்மை கண்டறியும் சோதனைகளை உச்ச நீதிமன்றம் தடுத்தது ஆகியவற்றையும் சொல்ல வந்தேன். தலைவர் அவர்கள் இரண்டாவது துண்டுச் சீட்டும் அனுப்பிவிட்டார். பந்தல் வாசலில் அந்தத் தாளைக் கேட்கும் மனு இருக்கிறது. பேனா ஒன்றுதான், வரிசையாக வாருங்கள். நன்றி, வணக்கம்.