நிலாவின் வடிவம் தெரிந்தால் நேரமும் தெரியும்: உதயம், மறைவு, பிறைகள்

[திரையில்: மாலை வானம். மேற்கே தாழ்வாக ஒரு மெல்லிய பிறை.]

மாலை நேரத்தில், கிழக்கே மெல்லிய பிறை எழுவதுபோல வரைந்த படங்கள் ஏராளம். அப்படி ஒரு காட்சி வானத்தில் கிடையாது. மாலைப் பிறை எப்போதும் மேற்கில்தான் இருக்கும், அதுவும் இறங்கிக்கொண்டே இருக்கும். நிலாவின் வடிவம் ஒன்று, அது எழும் நேரம் வேறொன்று என்று நினைப்பதால் வரும் பிழை இது. பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே எவ்வளவு கோணம் இருக்கிறதோ, அந்த ஒரு கோணம்தான் இரண்டையும் தீர்மானிக்கிறது.

[திரையில்: நடுவே பூமி, தொலைவில் சூரியன். நிலா நகர நகர கோணம் விரிகிறது.]

நட்சத்திரங்களுக்கு நடுவே நிலா ஒரு நாளில் சுமார் 13 டிகிரி கிழக்கே நகர்கிறது. சூரியனும் அதே திசையில் 1 டிகிரி நகர்கிறது. ஆக, நாளொன்றுக்கு 12 டிகிரி அளவுக்கு நிலா சூரியனை விட்டு விலகிப் போகிறது. முழுச் சுற்று போய் மறுபடி சூரியனோடு சேர 29.53 நாள் ஆகும். அதாவது ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை.

பூமி தன்னைத்தானே சுற்றுவது மணிக்கு 15 டிகிரி. நிலா விலகிப்போன 12 டிகிரியைத் திரும்பிப் பிடிக்க பூமிக்குக் கிட்டத்தட்ட 49 நிமிடம் தேவை. அதற்குள் நிலா இன்னும் கொஞ்சம் நகர்ந்துவிடும். எனவே சராசரியாக நாளுக்கு 50 நிமிடம் தாமதமாக நிலா எழுகிறது, 50 நிமிடம் தாமதமாகவே மறைகிறது.

கோணம் 0 டிகிரி என்றால் அமாவாசை. நிலா சூரியனோடு எழுந்து சூரியனோடு மறையும். 90 டிகிரியில் வளர்பிறை அரை நிலா: நண்பகலில் எழும், நள்ளிரவில் மறையும். 180 டிகிரியில் பௌர்ணமி: சூரியன் மறையும்போது எழுந்து, சூரியன் எழும்போது மறையும். 270 டிகிரியில் தேய்பிறை அரை நிலா: நள்ளிரவில் எழும், நண்பகலில் மறையும்.

இடைப்பட்ட நாட்களுக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். அமாவாசை முடிந்து எத்தனை நாள் ஆயிற்றோ, அதை 50 நிமிடத்தால் பெருக்குங்கள். சூரியன் எழும் நேரத்தோடு கூட்டினால் நிலா எழும் நேரம், சூரியன் மறையும் நேரத்தோடு கூட்டினால் நிலா மறையும் நேரம்.

[திரையில்: கணக்கு ஒவ்வொரு வரியாக வருகிறது.]

சூரியன் காலை 6 மணிக்கு எழுந்து மாலை 6 மணிக்கு மறைவதாக வைத்துக்கொள்வோம். 4 நாள் நிலாவுக்கு 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம். காலை 9.20க்கு எழும், இரவு 9.20க்கு மறையும். 18 நாள் நிலாவுக்கு 900 நிமிடம், சரியாக 15 மணி நேரம். இரவு 9 மணிக்கு எழும், மறுநாள் காலை 9 மணிக்கு மறையும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மேற்கே வெளிறித் தெரிகிறதே, அது இந்தத் தேய்பிறை நிலாதான். பகலில் நிலா தெரிவது அபூர்வம் என்று பலர் நினைக்கிறார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்களை விட்டுவிட்டால், வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் பகலிலும் நிலாவைப் பார்க்கலாம். வளர்பிறையைப் பிற்பகலில் கிழக்கே தேடுங்கள், தேய்பிறையைக் காலையில் மேற்கே.

[திரையில்: இருட்டறை, ஒரு பல்பு, குச்சியில் செருகிய வெள்ளைப் பந்து.]

பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை உண்டாகிறது என்று நம்புகிறவர்கள் இன்றும் அதிகம். பூமியின் நிழல் நிலாவில் விழுந்தால் அது கிரகணம். பிறைக்கும் நிழலுக்கும் சம்பந்தமில்லை. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு டேபிள் டென்னிஸ் பந்தைக் குச்சியில் செருகுங்கள். இருட்டறையில் மூடி போடாத ஒரே ஒரு பல்பு, ஏறக்குறைய கண் உயரத்தில், குறைந்தது 2 மீட்டர் தள்ளி எரியட்டும். உங்கள் தலைதான் பூமி. பந்தைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு பல்பைப் பார்த்து நில்லுங்கள். தெரிவது பந்தின் இருண்ட பக்கம். இது அமாவாசை. கையை மடக்காமல் மெதுவாக இடப்பக்கம் திரும்புங்கள். முதலில் வலது ஓரத்தில் மெல்லிய பிறை வரும், பிறகு அரை நிலா, பல்புக்கு முதுகு காட்டி நிற்கும்போது முழு நிலா.

முழு நிலா வரவேண்டிய இடத்தில் பந்து இருண்டுபோனால், உங்கள் தலையின் நிழல் அதில் விழுகிறது என்று அர்த்தம். பந்தைத் தலைக்குச் சற்று மேலே தூக்குங்கள், சரியாகிவிடும். நிஜ நிலாவின் பாதையும் சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் எல்லாப் பௌர்ணமியிலும் கிரகணம் வருவதில்லை. பந்தின் இருண்ட பக்கம் சரியாக இருட்டாக இல்லையென்றால், அறையின் வெள்ளைச் சுவர்கள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. ஓர் அடர்நிறத் துணியைத் தொங்கவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல்பு 2 மீட்டரிலும் பந்து 60 சென்டிமீட்டரிலும் இருந்தால், அரை நிலா 90 டிகிரிக்கு முன்பே, சுமார் 73 டிகிரியிலேயே வந்துவிடும். பல்பைத் தள்ளிவைக்க வைக்க அது 90ஐ நெருங்கும். இந்த வேறுபாட்டை வைத்தே சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முயன்றவர், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கர் அரிஸ்டார்க்கஸ். அரை நிலாவின்போது கோணம் 87 டிகிரி என்று எடுத்துக்கொண்டு, சூரியன் நிலாவைப்போல சுமார் 19 மடங்கு தொலைவில் இருப்பதாகச் சொன்னார். உண்மையான கோணம் சுமார் 89.85 டிகிரி, தொலைவு 390 மடங்குக்கு அருகில். விடைதான் தவறு, வழி முற்றிலும் சரி. வெறுங்கண்ணை மட்டும் வைத்து இவ்வளவு தூரம் யோசித்த மனிதரை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை.

[திரையில்: நிலா உதயம் காட்டும் செயலி. ஒரு நாளுக்கு நேரத்துக்குப் பதில் கோடு மட்டும்.]

இந்தக் கோட்டைப் பார்த்துச் செயலியில் பிழை என்று நினைக்க வேண்டாம். நிலாவுக்கு ஒரு சுற்று சுமார் 24 மணி 50 நிமிடம். திங்கள் இரவு 11.30க்கு எழுந்த நிலா அடுத்து எழுவது புதன் அதிகாலை 12.20க்கு. செவ்வாய்க்கிழமைக்கு உதயமே இல்லை. தேய்பிறை அரை நிலாவை ஒட்டி இப்படி ஓர் உதயம் விடுபடும், வளர்பிறை அரை நிலாவை ஒட்டி ஒரு மறைவு விடுபடும்.

50 நிமிடம் என்பதும் சராசரிதான். பூமத்திய ரேகைக்கு அருகே அது ஏறக்குறைய 40 முதல் 60 நிமிடம் வரை மாறும். துருவங்களை நோக்கிப் போகப் போக மாற்றம் பெரிதாகும். வட அட்சம் 50 டிகிரியில், செப்டம்பர் இறுதிப் பௌர்ணமியை ஒட்டி நிலா நாளுக்கு 20 நிமிடம் அளவுக்கே தாமதிக்கும், மார்ச்சில் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். நிலாவின் பாதை தொடுவானத்தை எந்தச் சாய்வில் வெட்டுகிறது என்பதுதான் காரணம். எனவே கணக்கில் அரை மணி முன்பின் வந்தால் கவலை வேண்டாம். நிமிடம் முக்கியம் என்றால் உங்கள் ஊருக்கான அட்டவணையைப் பாருங்கள்.

அட்டவணையும் தடையில்லாத சமதளத் தொடுவானத்துக்குத்தான் பொருந்தும். கிழக்கே ஒரு மலையோ கட்டடமோ இருந்தால் தாமதம் கூடும். நீட்டிய கையின் மூடிய முஷ்டி சுமார் 10 டிகிரி அகலம். அரை முஷ்டி உயரத்துக்கு மறைப்பு இருந்தால் குறைந்தது 20 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலா சாய்வாக எழும் இடங்களில் இன்னும் கூடும்.

எழும் முழு நிலாவை நிலக்காட்சியோடு படம் எடுக்க நினைப்பவர்கள் பௌர்ணமிக்கு முந்தைய மாலையையும் தவறவிடாதீர்கள். அன்று நிலா சூரியன் மறைவதற்கு முன்பே எழும், தரையிலும் வெளிச்சம் மிச்சமிருக்கும். பௌர்ணமிக்கு மறுநாள் நிலா வரும்போது தரை இருண்டுவிடும். தரைக்கு ஏற்ப வெளிச்சம் வைத்தால் நிலா வெறும் வெள்ளை வட்டமாகிவிடும், நிலாவுக்கு ஏற்ப வைத்தால் தரையே தெரியாது. திசையும் மாறும்: முழு நிலா டிசம்பரில் கிழக்குக்கு வடக்கே எழும், ஜூனில் தெற்கே.

[திரையில்: சூரியன் மறைந்த அடிவானம். பிறை வரக்கூடிய இடம் வட்டமிடப்படுகிறது.]

அமாவாசைக்குப் பிந்தைய முதல் பிறையைத் தேடுவதுதான் இருப்பதிலேயே கடினம். சூரியனிலிருந்து 7 டிகிரிக்குள் இருக்கும் நிலா வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் கடந்திருந்தால் நல்ல வாய்ப்பு உண்டு. சூரியன் மறைந்து 20 முதல் 40 நிமிடத்துக்குள், அது மறைந்த இடத்துக்கு மேலே ஒரு முஷ்டி உயரத்துக்குள் தேடுங்கள். பைனாகுலர் உதவும், ஆனால் சூரியன் முழுவதும் மறைந்த பிறகே அதைக் கண்ணில் வையுங்கள். சூரிய விளிம்பு ஒரு கணம் பட்டாலும் பார்வை போகலாம்.