வீட்டு மூலையில் மினுங்கும் அந்தச் சின்னப் பெட்டி

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டில் ஒரு சின்னப் பெட்டி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அலமாரிக்கு மேலே, டிவிக்குப் பின்னால், எங்கோ ஒரு மூலையில். இரண்டு மூன்று விளக்குகள் மினுங்கும். நெட் வராத நாளில் மட்டும்தான் அதன் ஞாபகம் வரும். போய் ஸ்விட்சை அணைத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். ரௌட்டரைத்தான் சொல்கிறேன்.

அது வெறும் பெட்டி இல்லை, முழுமையான ஒரு கம்ப்யூட்டர். அதற்கும் பிராசஸர் உண்டு, மெமரி உண்டு, இயங்குதளம் உண்டு. பெரும்பாலான ரௌட்டர்களில் ஓடுவது லினக்ஸ். நீங்கள் அனுப்புவது, பெறுவது எல்லாமே அதன் வழியாகத்தான் போய் வருகிறது. லேப்டாப்புக்கு ஆன்டிவைரஸ் போடுகிறோம், ஃபோனுக்கு விரல்ரேகைப் பூட்டு வைக்கிறோம். வாசற்கதவாக நிற்கும் இதை மட்டும் வாங்கி மாட்டிய நாளோடு மறந்துவிடுகிறோம்.

அலுவலகங்களில் இதையெல்லாம் கவனிக்க சிஸ்டம் அட்மின் என்று ஒருவர் இருப்பார். வீட்டில் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் அதில் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். பொறியியல் படிப்பு வேண்டாம். மாதத்தில் ஒரு மணி நேரம், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா. அவ்வளவுதான்.

என் அக்கா ஒரு நாள் கூப்பிட்டாள். "தம்பி, நெட் ரொம்ப இழுக்குதுடா, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயேன்" என்றாள். போனேன். ரௌட்டரின் மேல் தூசி படியாமல் இருக்க ஒரு துணியை மடித்துப் போட்டிருந்தாள். கை வைத்தால் சுட்டது. முதலில் துணியை எடுத்தேன். காற்றுப் போகும் துவாரங்களை மூடினால் அது சூடேறித் திணறும். அடுத்து பெட்டியைக் கவிழ்த்து, அடியில் இருந்த ஸ்டிக்கரில் முகவரியைப் பார்த்தேன். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். அதை பிரவுசரில் தட்டினால் ரௌட்டரின் அமைப்புப் பக்கம் திறக்கும்.

அதில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருந்தது. அக்கா மகள் வீட்டில் உள்ளவற்றை ஒரு தாளில் எழுதினாள்: 9. பட்டியலில் இருந்தது 13. "மாமா, இந்த நாலும் யாரோடது?" என்றாள். ஒவ்வொன்றாகத் தேடினோம். மேஜை டிராயரில் சார்ஜில் கிடந்த பழைய டேப்லெட் ஒன்று. இரண்டு, பக்கத்து வீட்டுக்காரர்களின் ஃபோன்கள். என்றோ ஓர் அவசரத்துக்குப் பாஸ்வேர்டு கொடுத்ததை அக்காவே மறந்திருந்தாள். நான்காவது யாருமே கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தது. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. கடைசியில் பிரிண்டரை அணைத்தோம், பட்டியலில் அந்தப் பெயர் மறைந்தது. உள்ளே இருக்கும் வைஃபை சிப்பைச் செய்த கம்பெனியின் பெயர் அது. நீங்கள் தேடும்போதும் இப்படித்தான், ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். இப்போதைய ஃபோன்கள் ஒவ்வொரு வைஃபையிலும் தங்கள் உண்மையான சாதன எண்ணை (மேக் முகவரி என்பார்கள், ஃபோன் நம்பர் இல்லை) மறைத்து வேறோர் எண்ணைக் காட்டும். ஆகவே அடையாளம் தெரியாதது எல்லாமே திருடன் என்று பதற வேண்டாம்.

எனக்குக் கவலை தந்தது வேறொன்று. அந்த அமைப்புப் பக்கத்துக்குள் நான் நுழைந்தது எப்படித் தெரியுமா? பயனர் பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. ஆறு வருடமாக அப்படியே.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ரௌட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டு. விருந்தினர் கேட்டால் சொல்கிறோமே, அது வைஃபை பாஸ்வேர்டு. மற்றது அமைப்புப் பக்கத்தின் பாஸ்வேர்டு. முதலாவது வீட்டுக்குள் வர, இரண்டாவது வீட்டின் பூட்டையே மாற்ற. அந்த இரண்டாவது ஒருவன் கையில் சிக்கினால் டிஎன்எஸ் என்ற ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். இணையதளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். அது அவன் வசம் போய்விட்டால், நீங்கள் வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் போய்ச் சேருவது அவன் கட்டிவைத்த போலிப் பக்கமாக இருக்கலாம். அதனால், 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் தடுக்கும்போது, 'பரவாயில்லை' என்று அழுத்தி உள்ளே போகாதீர்கள்.

இது கற்பனைக் கதையில்லை. 2016-இல் மிராய் என்றொரு தீநிரல் பரவியது. அதில் பெரிய தந்திரம் ஒன்றும் கிடையாது. கேமரா, ரௌட்டர், வீடியோ ரெக்கார்டர் போன்றவற்றில் கம்பெனி போட்டு அனுப்பும் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் 60 சொச்சத்தை வைத்துக்கொண்டு, இணையம் முழுக்கக் கதவு கதவாகத் தட்டியது. லட்சக்கணக்கான கதவுகள் திறந்தன. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தச் சாதனங்கள் சேர்ந்து டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் பல மணி நேரம் திறக்கவில்லை. தாக்கிய சாதனங்களின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாது. சாதனத்தை அணைத்துப் போட்டால் மிராய் அழிந்துவிடும். அது மெமரியில் மட்டும்தான் இருக்கும். ஆனால் பழைய பாஸ்வேர்டே இருந்தால் சீக்கிரமே திரும்பவும் தொற்றிக்கொள்ளும். ஆக, அமைப்புப் பக்கத்தின் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றி, நோட்டில் எழுதுங்கள்.

அதே பக்கத்தில் இன்னும் சிலவற்றையும் பாருங்கள். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்க வேண்டும். டபிள்யூஇபி என்று இருந்தால் அது 2001-லேயே உடைக்கப்பட்ட பூட்டு. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, ரிமோட் மேனேஜ்மென்ட் என்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஓர் எண்ணைத் தட்டி வைஃபையில் சேரும் டபிள்யூபிஎஸ் பின் வசதியையும் அணையுங்கள். அது 8 இலக்க எண். 10 கோடி வாய்ப்புகள் இருக்கின்றன, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் ரௌட்டர் முதல் 4 இலக்கம் சரியா, அடுத்த பாதி சரியா என்று தனித்தனியாகப் பதில் சொல்லிவிடுகிறது. கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிடக்கூடியது. எனவே அதிகபட்சம் 10,000 முயற்சி, அதோடு ஒரு 1,000. மொத்தம் 11,000-தான். ஓர் இயந்திரத்துக்கு அது சில மணி நேர வேலை. 2011-இல் இந்த ஓட்டை வெளியே வந்தது.

கெஸ்ட் நெட்வொர்க் என்ற வசதி இருந்தால், விருந்தினர் ஃபோன், கேமரா, ஸ்மார்ட் டிவி எல்லாவற்றையும் அதில் விடுங்கள். உங்கள் லேப்டாப் இருக்கும் அறைக்குள் அவை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

அப்டேட் விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற பிணைத்தொகைத் தீநிரல் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் இருந்தது. 'பிறகு நினைவூட்டு' என்ற பட்டனை அழுத்தும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு மாதம் ஞாபகம் வருகிறது. ரௌட்டருக்கும் இந்த அப்டேட் உண்டு, ஃபர்ம்வேர் அப்டேட் என்பார்கள். உங்கள் மாடலுக்கு அப்டேட் தருவதையே கம்பெனி நிறுத்திவிட்டது என்றால், நன்றாக ஓடினாலும் அதை மாற்றிவிடுவதே சரி.

பாஸ்வேர்டு பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு, நீளமானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும் என்ற பழைய விதியை அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே கைவிட்டுவிட்டது; கசிந்தது என்று தெரிந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள். பாஸ்வேர்டு மேனேஜர் பயன்படுத்தினால் நல்லது. அது பழக்கமில்லாத பெரியவர்கள் நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டி வைக்கட்டும், தவறே இல்லை. இணையத்தில் இருந்து திருடுபவனின் கை உங்கள் பீரோ வரை நீளாது.

பேக்கப் பற்றித்தான் நான் கொஞ்சம் அதிகம் பேச வேண்டும். லேப்டாப்பில் இடம் இல்லை என்று ஒருமுறை படங்களை எல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்தினேன். பேக்கப் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் வயர் காலில் மாட்டி, டிஸ்க் மேஜையிலிருந்து விழுந்தது. திரும்பச் செருகினால் டக், டக், டக் என்ற சத்தம் மட்டும். அப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் அதில்தான் இருந்தன. அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. நான் செய்தது பேக்கப்பே இல்லை. இருந்த ஒரே பிரதியை இடம் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. இதுதான் கணக்கு. ஃபோனில் உள்ளது ஒன்று, டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று. ஃபோனோடு தானாகச் சேர்ந்து ஓடும் கிளவுடை மட்டும் நம்பாதீர்கள். பல ஆப்களில் ஃபோனில் அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். டிஸ்க்கில் எடுத்து முடித்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே வைத்திருந்தால், லேப்டாப்பைப் பூட்டும் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டும்.

எடுத்த பேக்கப் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் எல்லோரும் விட்டுவிடுவது. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து முக்கியத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். மீட்கப் போனால், வழக்கமாக ஓட வேண்டிய பேக்கப் ஓடியிருக்கவே இல்லை. அது தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் வந்து சேரவில்லை. வேறொரு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு யாரோ தற்செயலாக எடுத்த பிரதிதான் காப்பாற்றியது. அந்த நிறுவனம் எதையும் மறைக்காமல் இதை வெளியே சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். நாள் முழுக்க இதே வேலையாக இருப்பவர்களுக்கே அப்படி நடக்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை, பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு படத்தை எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்த தேதியை நோட்டில் குறியுங்கள்.

கடைசியாக, நெட் போனால் என்ன செய்வது? உடனே ரௌட்டரை அணைக்காதீர்கள். ரீசெட் துவாரத்தில் ஊசியைக் குத்தவே குத்தாதீர்கள். எல்லா அமைப்பும் அழிந்து பழைய 'அட்மின்' திரும்பி வந்துவிடும். முதலில் ரௌட்டரின் பக்கம் திறக்கிறதா பாருங்கள். திறக்கவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள், வைஃபையிலோ ரௌட்டரிலோ. திறந்தால், கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளைத் திரையில் 'பிங்' கட்டளையோடு 8.8.8.8 என்று தட்டுங்கள். அது கூகுளின் டிஎன்எஸ் சர்வர். பதில் வருகிறது, ஆனால் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறாக இருக்கக்கூடும். பதிலே இல்லை என்றால் பெரும்பாலும் கோளாறு வெளியில். பிங் என்பது, மறுமுனை பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்க்க 1983-இல் மைக் மூஸ் என்பவர் எழுதிய சின்ன நிரல். நீர்மூழ்கிகளின் சோனார் எழுப்பும் ஒலிதான் பெயராயிற்று. நாற்பது வருடம் தாண்டியும் நெட் கோளாறு என்றால் என் விரல்கள் முதலில் தட்டுவது அதைத்தான்.

இந்தப் படிகளை அக்காவின் நோட்டில் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சில மாதம் கழித்து ஒரு காலையில் ஃபோன் வந்தது. "தம்பி, நெட் போயிடுச்சு. ரௌட்டர் பக்கம் திறக்குது. எட்டு எட்டு எட்டு எட்டு பதில் வரல. கம்பெனிக்குச் சொல்லிட்டேன், வெளியில கேபிள் அறுந்திருக்காம், மத்தியானத்துக்குள்ள சரியாயிடுமாம். உன்கிட்ட சும்மா சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."

நேயர்களுக்கு நன்றி, வணக்கம்.