மலையிலிருந்து இறங்கி ரெய்க்யவிக்கில் ஒரு நாள்

வணக்கம் மக்களே! பின்னால் கேட்பது மலைக்காற்று இல்லை, டவுன் பஸ். லான்ட்மன்னலாகர் மலைக் கேம்ப்பிலிருந்து இறங்கி, ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்குக்கு வந்திருக்கிறேன். டென்ட் காயட்டும், அதற்குள் ஊரைச் சுற்றிவிடலாம்.

இந்த ஊரில் என்ன இருக்கிறது, ஏர்போர்ட்டில் இறங்கியதும் நேரே மலைக்குப் போய்விடு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மலையில் வெந்நீர் ஊற்றில் இறங்கிக் குளித்தோமே, அந்த மண்ணுக்கடிச் சூட்டை வைத்துத்தான் இந்த ஊரே குளிர்காலத்தைத் தள்ளுகிறது.

இதோ பாருங்கள், இந்த இடம் லாகர்டாலுர். அந்தக் காலத்தில் பெண்கள் அழுக்கு மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு 3 கிலோமீட்டர் போல நடந்து வந்து இங்கேதான் துவைப்பார்கள். கொதிக்கிற ஊற்று, தவறி விழுந்து வெந்து செத்தவர்களும் உண்டு. அதற்காகத்தான் மேலே இந்த வளைந்த இரும்புக் கம்பிகளைப் போட்டார்கள். தொட்டுப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. 1930இல் இந்தத் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோய் ஒரு பள்ளிக்கூடத்தையும் சில வீடுகளையும் சூடாக்கினார்கள். அந்தக் காலத்தில் ஊர் முழுக்க நிலக்கரிப் புகைதான். இன்று நெஸ்யாவெட்லிர் என்ற புவிவெப்ப நிலையத்திலிருந்து 27 கிலோமீட்டர் தூரம் வெந்நீர் வருகிறது. வழியில் சூடு 2 டிகிரி போலத்தான் குறைகிறதாம்!

வெந்நீர்க் குழாயைத் திறந்தால் லேசாக முட்டை வாடை அடிக்கும், பயப்படாதீர்கள், கந்தகம். பச்சைத் தண்ணீரில் அது கிடையாது. அதை அப்படியே பிடித்துக் குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

அப்புறம் பக்கத்திலேயே லாகர்டால்ஸ்லாக் நீச்சல் குளம். உள்ளே கேமரா கூடாது, அதனால் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். உடை இல்லாமல் சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் குளத்தில் இறங்க வேண்டும். எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் குளோரின் குறைவாகப் போடுகிற தண்ணீர், அந்தச் சுத்தம் நியாயம்தான். குளத்தை ஒட்டிய வெந்நீர்த் தொட்டிகளில் கழுத்தளவு உட்கார்ந்தால் தாத்தா பாட்டிகள் அரசியல், மழை, மீன் விலை எல்லாம் பேசுவார்கள். ஊரைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஹால்கிரிம்ஸ்கிர்க்யா தேவாலயத்தையும் விட்டுவிடாதீர்கள். 1945இல் தொடங்கி 1986இல் முடித்தார்கள், உயரம் 74.5 மீட்டர். எரிமலைக் குழம்பு இறுகி நிற்கும் கல்தூண்களைப் போலவே முகப்பு. லிஃப்டில் மேலே போனால் வண்ண வண்ணத் தகரக் கூரைகளும், விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் எஸ்யா மலையும் தெரியும்.

சரி, பசிக்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் 1937இலிருந்து ஹாட் டாக் விற்கும் கடை இருக்கிறது. ஆட்டிறைச்சி கலந்தது, பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம் இரண்டும் போட்டுத் தருவார்கள். வரிசை நீளம், ஆனால் வேகமாக நகரும். சாப்பிட்டுவிட்டு கேஸ் சிலிண்டரும் உலர் உணவும் வாங்க வேண்டும், நாளைக் காலை தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்குக்கு பஸ். அங்கே ஆற்றைக் கடக்கும் வீடியோ அடுத்து வரும்.