தவறான விடைகளைத் தேடி வந்தவள்

அவைத் தலைவர் அவர்களுக்கும், பேராசிரியப் பெருமக்களுக்கும், என்னோடு பயிலும் தோழர் தோழியருக்கும் வணக்கம்.

என் பெயரையும் வகுப்பையும் தலைவரே சொல்லிவிட்டார். மிச்சமிருப்பவை இரண்டு கேள்விகள்: ஏன் தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் படிக்க வந்தேன், எதில் ஆர்வம்? முதல் கேள்வியைக் கேட்பவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள்: "உனக்குக் குழந்தைகள் என்றால் பிடிக்கும் போலிருக்கிறது." பிடிக்கும்தான். ஆனால் அதற்கு ஆசிரியராக வேண்டியதில்லை, அத்தையாக இருந்தாலே போதும். என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தவை குழந்தைகள் எழுதும் தவறான விடைகள்.

ஒரு கழித்தல் கணக்கைப் பாருங்கள். 42-இலிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும். குழந்தை 35 என்று எழுதுகிறது. கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த நோட்டை எடுக்கலாம். ஆனால் அது கவனமாகத்தான் போட்டிருக்கிறது. ஒன்றின் இடத்தில் 2-இல் 7 போகாது; ஆகவே 7-இல் 2 போனால் 5. பத்தின் இடத்தில் 4-இல் 1 போனால் 3. ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழி’ என்று பெரியவர்கள் சொன்னதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறது. 63-இலிருந்து 28-ஐக் கழிக்கச் சொன்னால் அதே குழந்தை 45 என்று எழுதும். இங்கே நின்றபடியே சொல்லிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், 58-இலிருந்து 23-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று சரியாகவே எழுதும். நாமும் மகிழ்ந்து முழு மதிப்பெண் போட்டுவிடுவோம். எனக்கு அந்த முழு மதிப்பெண்தான் பயமாக இருக்கிறது. தவறான வழி அதற்குள் ஒளிந்திருப்பது யாருக்கும் தெரியாது.

சமக்குறியின் கதையும் இப்படித்தான். 1557-இல் வேல்ஸ் நாட்டு அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட் அதை அச்சுக்குக் கொண்டுவந்தார். இணையான இரண்டு கோடுகளைவிடச் சமமானவை வேறு இல்லை என்று காரணமும் சொன்னார். ஆனால் பல குழந்தைகளுக்கு அது ‘விடையை எழுது’ என்ற கட்டளை. 8 + 4 = ? + 5 என்று எழுதிக் கேட்டால் 12 என்பார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். இடமும் வலமும் ஒத்துப்போக அங்கே 7 வரவேண்டும் என்று சிலருக்கே தோன்றும்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ளக் குழந்தையிடமே கேட்டால் போதும்: "இது எப்படி வந்தது?" கேட்பது எளிது, காத்திருப்பதுதான் கடினம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சுகளை ஒலிநாடாவில் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடிதானே என்று நினைக்காதீர்கள். முப்பது முகங்களுக்கு முன்னால் பேசாமல் நின்று பார்த்தால் அதன் நீளம் தெரியும். இப்போது நான் பயிற்சி செய்துகொண்டிருப்பது இந்த மௌனத்தைத்தான். வாயாடி என்று பெயரெடுத்தவளுக்கு இது சுலபமான பாடமில்லை.

பொழுதுபோக்கு என்ற வரிசையில் காகித மடிப்பு. அதிலும் கணக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு தாளைப் பாதி பாதியாக மூன்று முறை மடித்தால் எத்தனை கட்டங்கள் என்று கேட்டால் ஆறு என்ற பதில் வேகமாக வரும். விரித்து எண்ணினால் எட்டு. ஆறு என்றவரை மறுபடி மடிக்கச் சொல்லிவிட்டு, நான்காவது மடிப்புக்கு என்ன சொல்கிறார் என்று கேட்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. பாட்டு எனக்கு வராது; பாட்டுப் பாடி எழுத்து சொல்லிக்கொடுக்கும் தோழிகளிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிகளுக்குப் போகும்போது, அடிக்கப்பட்ட கணக்கு ஏதாவது கண்ணில் பட்டால் எனக்காகக் குறித்து வாருங்கள். குழந்தையின் பெயர் வேண்டாம். கேள்வி, எழுதிய விடை, முடிந்தால் அது சொன்ன காரணம், இவ்வளவு போதும். பதிலுக்கு, யாருக்கு வேண்டுமானாலும் காகிதக் கொக்கு மடிக்கக் கற்றுத் தருகிறேன். நன்றி, வணக்கம்.