‘நாளை மாலை’ என்று எழுதாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். கச்சேரிச் செய்திகளை எப்படி எழுதுவது என்று பேசத் தொடங்கும்முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நாட்டுப்புறப் பாடகரின் கச்சேரி பற்றி வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். ஐந்தாறு வரிதான். பாடகர் பெயர், அரங்கின் பெயர், கடைசியில் “நாளை மாலை 6 மணி, அனைவரும் வருக.” கச்சேரி நன்றாகவே நடந்தது. நாற்பது பேர் வந்தார்கள்.

மூன்றாம் நாள் வேறு வேலையாக அந்த அரங்குப் பக்கம் போனேன். பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி மகள். “கச்சேரி ஆறு மணிக்குத்தானே?” என்று அந்த அம்மா என்னிடமே கேட்டார். மகள் போனை நீட்டிக் காட்டினார். பார்த்தால் நான் எழுதிய வரிகள். யார் யாரோ கைமாற்றி, முந்தின நாள் இரவு அவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர்களுக்கு அதுதான் ‘நாளை’. எழுதியவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்று உங்களிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

‘நாளை’ என்பது நேருக்கு நேர் பேசுகிறவர்களின் சொல். சொல்கிறவரும் கேட்கிறவரும் ஒரே நாளில் இருக்கும்வரைதான் அதற்குப் பொருள். இணையத்தில் போட்ட செய்தி என்றைக்கு யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. அதனால் தேதி, கிழமை, வருடம் மூன்றையும் எழுதிவிடுங்கள். கிழமை எதற்கு என்றால், தேதியில் கை தவறும்போது அது காட்டிக்கொடுத்துவிடும். “14, வெள்ளி” என்று போட்டிருந்து, நாள்காட்டியில் 14 சனிக்கிழமையாக இருந்தால், படிக்கிறவர் ஒரு போன் போட்டாவது கேட்பார். வருடம் எதற்கு என்றால், போன வருட விழாவின் அழைப்பு இந்த வருடமும் சுற்றிக்கொண்டிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்புறம், மாதத்தை எண்ணில் போடவேண்டாம். 4/11 என்றால் நமக்கு நவம்பர் 4. அமெரிக்காவில் இருப்பவருக்கு ஏப்ரல் 11. நேரலையாக இருந்தால் எந்த நாட்டு நேரம் என்பதையும் சேர்க்கவேண்டும்.

நவம்பர் 4 என்றதும் எனக்கு ஒரு கச்சேரி ஞாபகம் வருகிறது. 1961-ஆம் வருடம், நியூயார்க். கார்னகி ஹால் கட்டடத்துக்குள்ளேயே சாப்டர் ஹால் என்று ஒரு சின்ன அரங்கு. ஏற்பாடு செய்தவர் இஸி யங். நாட்டுப்புற இசைப் புத்தகமும் இசைத்தட்டும் விற்பதற்கென்றே கடை நடத்தியவர். பாடியது இருபது வயதுப் பையன். வந்தவர்கள் ஐம்பது பேர் சொச்சம். அந்தப் பையன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாடகர் பாப் டிலன்.

இதில் விசேஷம் என்னவென்றால், அதற்கு ஐந்து வாரம் முன்னால், செப்டம்பர் 29 அன்றே, நியூயார்க் டைம்ஸில் இசை விமர்சகர் ராபர்ட் ஷெல்டன் டிலனைப் பற்றி எழுதியிருந்தார். அவர் எழுதியது வேறொரு நிகழ்ச்சியைப் பற்றி. அதில் முக்கியக் குழு வேறு. டிலன் அவர்களுக்கு முன்னால் பாட வந்தவர். ஷெல்டனோ அவரைத்தான் தலைப்பில் வைத்தார். பையன் தலையில் இருந்த கறுப்புத் தொப்பி முதற்கொண்டு எழுதினார். குரல் இனிமையான குரல் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். படிக்கிறவர் கண்ணுக்கு ஓர் ஆள் தெரிந்தார். அடுத்த மாதமே கொலம்பியா என்ற இசைத்தட்டு நிறுவனம் டிலனோடு ஒப்பந்தம் போட்டது. அப்படிப்பட்ட செய்தி வந்தபிறகும் அரங்குக்கு வந்தது ஐம்பது பேர்தான். ஆகவே, “இவ்வளவு பகிர்ந்தும் கூட்டம் வரவில்லையே” என்று என்னிடம் வருத்தப்படுகிறவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம்.

நம் செய்திகளைப் பாருங்கள். பாதி இடத்தைப் பட்டங்கள் அடைத்துக்கொள்கின்றன. ‘இசைப் பேரொளி’, ‘மண்ணின் குரல்’. சரி, அவர் என்ன பாடுவார்? தாலாட்டா, ஒப்பாரியா, வேலைப்பாட்டா? தனியாகப் பாடுவாரா, பின்பாட்டுக்கு ஆள் உண்டா? என்ன வாத்தியம்? எவ்வளவு நேரம்? கட்டணம் உண்டா, விருப்பப்பட்டதைக் கொடுக்கலாமா? “யாரிடம் பாட்டு கற்றார்” என்று ஒரு வரி எழுதினால், பத்துப் பட்டம் செய்யாத வேலையை அது செய்யும்.

இன்னொன்று, ஊர்ப்பெயர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்று ஒரு பாடகர். 1928-இல் ஓக்கே என்ற நிறுவனத்துக்காகச் சில பாடல்கள் பதிவு செய்தார். தட்டுகள் அவ்வளவாக விற்கவில்லை. அடுத்து அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் வந்துவிட்டது. மனிதர் பேசாமல் வயல் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்றே வெளியுலகத்துக்குத் தெரியாது. ஆனால் நியூயார்க்கில் பதிவுக்காகப் போயிருந்த சமயம், ஊர் ஏக்கத்தில் ‘அவலான் புளூஸ்’ என்று ஒரு பாட்டுப் பாடியிருந்தார். அவலான் என் சொந்த ஊர் என்று அதில் வருகிறது. முப்பத்தைந்து வருடம் கழித்து அந்தத் தட்டைக் கேட்ட டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அந்த ஊரைத் தேடினார். புதிய வரைபடங்களில் அது இல்லை. பழைய அட்லஸ் ஒன்றில் இருந்தது. கிளம்பிப் போய் விசாரித்தால், ஆள் அங்கேயே இருக்கிறார்! அது 1963. அதே வருடம் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் ஹர்ட் பாடினார். 1966-இல் இறந்துபோனார். நடுவில் மூன்று வருடம் உலகம் அவரைக் கேட்டது. பாட்டுக்குள் ஊர்ப்பெயர் இல்லாமல் இருந்திருந்தால் அந்த மூன்று வருடமும் இல்லை.

அவர் தன் முகவரியைத் தானே பாடி வைத்திருந்தார். நம் கலைஞர்களைப் பற்றி எழுதும்போது அதை எழுதவேண்டியவர்கள் நாம். ஊரை எழுதுங்கள் என்கிறேன். வீட்டு எண்ணையும் கைபேசி எண்ணையும் அவரைக் கேட்காமல் போட்டுவிடாதீர்கள். நடுராத்திரியில் அழைப்பு வந்து அவதிப்படுகிறவர் அவர்தான்.

பெயர் விஷயம் இதைவிடக் கொடுமை. தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் 1939-இல் ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். கையில் கிடைத்தது பத்து ஷில்லிங் அளவில்தான். இசைத்தட்டு கடல் கடந்து பீட் சீகர் என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாடகரிடம் போனது. அவருக்கு மொழி தெரியாது. காதில் விழுந்ததை ‘விமோவே’ என்று பாடினார். அது ஒரு மக்களின் பழைய பாட்டு என்றே நினைத்துக்கொண்டார். 1961-இல் இன்னொரு குழு அதை ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்ற பெயரில் பாட, உலகமே முணுமுணுத்தது. லிண்டா மறு வருடமே வறுமையில் இறந்தார். அவர் குடும்பத்துக்கு ஓர் ஒப்பந்தம் கிடைக்க 2006 ஆகிவிட்டது. சீகர் கெட்ட எண்ணத்தில் செய்தவர் இல்லை. ‘பாரம்பரியப் பாடல்’ என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள மனிதரை யாரும் தேடமாட்டார்கள் என்பதுதான் சிக்கல். அரை நிமிட வீடியோவைப் போட்டு “அருமையான கிராமத்துப் பாட்டு” என்று நாம் எழுதும்போதும் அதே சீட்டைத்தான் ஒட்டுகிறோம். பாடியவர் பெயர் தெரியாவிட்டால் மேடை இறங்குமுன் கேட்டுவிடுங்கள். எடுக்கலாமா, போடலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். முழுப் பாட்டையும் போடவேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதுதான் அவர்கள் பிழைப்பு.

சுவரொட்டியைப் படமெடுத்துப் போடுவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் இருந்தேன். பார்வையற்ற நண்பர் ஒருவர் கேட்டார்: “நீங்கள் தினமும் ஏதோ படம் போடுகிறீர்கள், என் போன் ‘படம்’ என்று மட்டும் படிக்கிறது, அதில் என்னதான் இருக்கிறது?” இசைக்காகவே வாழ்கிற மனிதர் அவர். படத்துக்குக் கீழே அதே விவரத்தை எழுத்திலும் தட்டிவிடுங்கள். தேடுகிறவர்களுக்கும் அகப்படும். கச்சேரி ரத்தானால் புதிதாக ஒன்று போட்டால் போதாது, பழைய பதிவின் தலையிலேயே ‘ரத்து’ என்று எழுதவேண்டும். ஏனென்றால் ஊரெல்லாம் சுற்றுவது பழையதுதான்.

தமிழில் பறை என்றால் வாத்தியம், பறைதல் என்றால் சொல்லுதல். செய்தி சொல்வதும் வாசிப்பதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. தாளம் தப்பினால் வாசிக்கிறவருக்குக் கூசும். தேதி தப்பினால் நமக்கும் கூசவேண்டும்.

அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அன்று மகளின் எண்ணை வாங்கிக்கொண்டேன். நாலு மாதம் கழித்து அதே பாடகரின் கச்சேரி வந்தபோது அவர்களுக்குத்தான் முதலில் அனுப்பினேன். தேதி, கிழமை, வருடம், நேரம், நுழைவாயில் எந்தப் பக்கம், எத்தனை படி ஏறவேண்டும் என்பது வரை. சற்று நேரத்தில் அம்மாவின் குரலிலேயே பதில் வந்தது: “வருவோம் தம்பி. ஆனா வருஷமெல்லாம் எதுக்குப் போட்டிருக்கீங்க, இது எந்த வருஷம்னு எங்களுக்குத் தெரியாதா?”

நான் பதில் போடவில்லை.