தரையிலிருந்து எழும் வினாடிகள்

(மூத்த குடிமக்கள் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, அலுவல்களுக்கிடையே வந்து குத்துவிளக்கேற்றிச் சிறப்பித்த நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, எனக்கு முன் உரையாற்றிய, என் ஆசிரியருக்கும் ஆசிரியரான பேராசிரியர் பெருந்தகையே, இந்த மண்டபத்தை வாடகை பெறாமல் வழங்கிய பெருமகனாரே, இத்தனை படிகளையும் ஏறி மாடிக்கு வந்து அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நீங்கள் ஏறி வந்தபோது நான் படிக்கட்டின் மேல் முனையில் நின்றிருந்தேன். கைப்பிடியைப் பற்றாமல் ஏறியவர்கள் மிகச் சிலர். என் பேச்சும் அதைப் பற்றியதே.

‘தன் கையே தனக்குதவி’ என்ற பழமொழியை, இயன்முறை மருத்துவனாக இருந்த முப்பத்திரண்டு ஆண்டுகளும் என் அறைச் சுவரில் எழுதி வைத்திருந்தேன். முதியோரின் உடல் இயக்கத்தை நாடுகள் எப்படி அளக்கின்றன, ஒரு நாட்டின் அளவை இன்னொரு நாட்டின் அளவோடு ஒப்பிடலாமா, ஒப்பிடுவதற்கென எழுந்துள்ள புதிய முறைகள் எவை என்ற மூன்றையும் சொல்ல எண்ணி வந்திருக்கிறேன்.

அளப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கேட்பது, மற்றொன்று, செய்யச் சொல்லிப் பார்ப்பது. குளித்தல், உடுத்தல், கழிவறையைப் பயன்படுத்துதல், படுக்கையிலிருந்து எழுதல், மலசலம் அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறையும் பிறர் துணையின்றிச் செய்கிறாரா என்று பார்க்கும் முறையை 1963-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் வகுத்தார்கள். ‘தன் கையே தனக்குதவி’ என்பதையே அவர்கள் ஆறு கூறாக்கினார்கள் என்பேன். அமெரிக்காவில் 1992-இலும், இங்கிலாந்தில் 2002-இலும், சீனாவில் 2011-இலும் தொடங்கிய முதியோர் ஆய்வுகளும், 2017–18-இல் மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் முன்னின்று, 45 வயது கடந்தோரும் அவர்களுடைய துணைவருமாக 72,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய இந்திய ஆய்வும், சிற்சில மாற்றங்களுடன் இவ்வகைக் கேள்விகளையே கேட்டன.

கேட்பதில் உள்ள இடர்ப்பாட்டை என் பெரியம்மாவை வைத்துச் சொல்கிறேன். அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. ஒருநாள் ஒரு கணக்கெடுப்புக்காக இளம்பெண் ஒருவர் வந்தார். பெரியம்மா அவருக்கு மோர் கொடுக்கச் சொல்லி, ஊர் பேர் விசாரித்து, கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லத் தொடங்கினார். “குளிக்கச் சிரமம் உண்டா அம்மா?” “ஒரு சிரமமும் இல்லை தாயி.” “உடுத்திக்கொள்ள?” “அதுவும் இல்லை.” பெண்ணும் அப்படியே குறித்துக்கொண்டு போனார். அடுப்படி வாசலில் நின்ற என் அண்ணி ஒன்றும் பேசவில்லை. வெந்நீர் விளாவி முதுகு தேய்த்து ஊற்றுபவர் அவர்தான். கொசுவம் வைத்துச் செருகிவிடுபவரும் அவரே. பெரியம்மா பொய் சொல்லவில்லை. மருமகள் செய்வது உதவி என்றோ, தனக்கு அது தேவைப்படுவது குறை என்றோ அவர் எண்ணியதே இல்லை. அந்த வீட்டு முற்றத்துத் தூணை இன்றும் பார்க்கலாம். தரையிலிருந்து ஓர் இரண்டரை அடி உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, பச்சைப் பெயின்ட் தேய்ந்து மரம் வழவழவென்று தெரியும். உட்கார்ந்து எழும்போதெல்லாம் அவர் பற்றிய இடம் அது. கணக்கெடுப்புத் தாளில் ஏறாததைத் தூண் பதிவு செய்து வைத்திருந்தது.

இது ஒரு வீட்டுச் செய்தி மட்டுமன்று. இந்தியாவிலேயே மிக நீண்ட ஆயுளுடைய கேரளத்தார் தமக்கு நோய் உண்டென்று அதிகமாகச் சொல்கிறார்கள், ஆயுள் குறைந்த பீகாரத்தார் குறைவாகச் சொல்கிறார்கள், அமெரிக்கர்களோ கேரளத்தாரையும் மிஞ்சுகிறார்கள் என்று அமர்த்தியா சென் 2002-இல் எடுத்துக்காட்டினார். படிப்பும் மருத்துவ வசதியும் கூடக் கூட, குறையைக் குறையென்று அறிந்து சொல்லும் வாயும் வருகிறது. ஆகவே, கேட்டு வாங்கிய எண்களை மட்டும் நாட்டுக்கு நாடு வரிசைப்படுத்தினால் நாம் ஏமாந்துபோவோம்.

அப்படியானால் செய்யச் சொல்லிப் பார்க்கலாமே என்றால், அங்கும் அளவுகோல் ஒன்றாக இல்லை. நடைவேகத்தை அமெரிக்க ஆய்வு 98.5 அங்குலத்திலும் இங்கிலாந்து ஆய்வு 8 அடியிலும் அளக்க, வேறு பலர் 4 மீட்டர் நடக்கச் சொல்கிறார்கள். நின்ற நிலையிலிருந்து காலெடுத்து வைக்கவே சிறிது நேரம் பிடிப்பதால், தூரம் குறைந்தால் வேகமும் குறைந்து தெரியும். கையால் இறுக்கிப் பிடிக்கும் வலிமையில், இதற்குக் கீழே போனால் தளர்ச்சி என்று கொள்ளும் எல்லை, பெண்களைப் பொறுத்தவரை ஐரோப்பிய வல்லுநர் குழுவுக்கு 16 கிலோ, ஆசியக் குழுவுக்கு 18 கிலோ. 17 கிலோ காட்டும் ஓர் அம்மையார் அங்கே தேறிவிடுவார், இங்கே தேறமாட்டார். எல்லை எதுவானாலும் அந்தப் பிடி அற்பமானதன்று. 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரை ஆராய்ந்து 2015-இல் வெளியான முடிவில், பிடி ஒவ்வொரு 5 கிலோ குறைவதோடும் இறக்கும் வாய்ப்பு 16 விழுக்காடு கூடியிருந்தது. தன் கையே தனக்குதவி என்று நம் முன்னோர் சொன்னதற்கு இப்படியும் ஒரு சான்று கிடைத்திருக்கிறது.

மூன்றாவதாகச் சொன்ன புதிய முறைகளை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். என்னை உறுத்துகிற ஒன்றைச் சொல்லாமல் இறங்க எனக்கு மனமில்லை. உலகெங்கும் பயன்படும் சோதனையில் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழச் சொல்கிறார்கள். நம் பெரியவர்களின் நாள் தரையில் அல்லவா கழிகிறது? சாப்பாடு, பூசை, படுக்கை, பல வீடுகளில் கழிவறையும் தரைமட்டந்தான். பிரேசிலில் கிளாடியோ கில் அராவுஜோவின் குழு, 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் செய்து, ஊன்றிய ஒவ்வொரு கைக்கும் முழங்காலுக்கும் ஒரு மதிப்பெண் குறைத்து, குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடையே இறப்பு மிகுதி என்று 2012-இல் காட்டியது. நாற்காலியில் வாழ்கிற மக்களே இதை அளக்கும்போது நாம் அளக்காமலிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இன்று நான் படிக்கட்டில் நின்று பார்த்ததையும் கேட்பவர்கள் உண்டு: முதியோருக்கான ஜப்பானின் 25 கேள்விப் பட்டியல், கைப்பிடியையோ சுவரையோ பற்றாமல் படியேறுகிறீர்களா என்று கேட்கிறது.

2021 ஆகஸ்டு முதல் நம் மாநிலத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடி வருகிறது. இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரைக்கு மாத்திரை தருகிறார்கள், இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. அதே வருகையில், விழாமல் தாங்கிக்கொள்ள ஒருவர் அருகில் நிற்க, பெரியவர் தரையிலிருந்து எழ எத்தனை வினாடி ஆகிறது, எதைப் பற்றி எழுகிறார் என்ற இரண்டையும் ஆண்டுக்கு ஒருமுறை குறித்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கோரிக்கை. நகர்மன்றத் தலைவர் அம்மையார் இதை உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்க இசைந்திருக்கிறார்கள்; அவர்களுக்கு என் நன்றி. கோரிக்கை மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்திடும்போது உங்கள் வயதையும், வீட்டில் எதைப் பற்றி எழுகிறீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கட்டில் காலோ, கதவு நிலையோ, பேரன் தோளோ, எதுவானாலும் எழுதுங்கள்.