இயற்கைக் காப்புக் குழுவை வழிநடத்தும் தொண்டூழியர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

காடு, சதுப்புநிலம், கடலோரம் ஆகியவற்றைக் காக்கும் குழுக்களுக்குத் தலைமை ஏற்க முன்வருபவர்களைப் பற்றி இன்று பேசுகிறேன். செடி நடுவதும் குப்பை பொறுக்குவதும் எல்லாருக்கும் தெரிந்த வேலை. அந்தச் சனிக்கிழமைக் காலைக்கு முன்னும் பின்னும் தலைவர் செய்யும் வேலை அவ்வளவாக வெளியில் தெரிவதில்லை.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இத்தகைய அமைப்புகள் பணம் திரட்டி நிலத்தை வாங்கியே காப்பாற்றுவதுண்டு. சிங்கப்பூரில் அதற்கு வழி கிடையாது. நிலத்தின் பெரும்பகுதி அரசாங்கத்துக்குச் சொந்தம். எந்த இடம் எதற்கு என்பதும் நகரத் திட்டத்தில் வகுக்கப்பட்டிருக்கும். அதனால் இங்குள்ள ஒரு குழுவின் பெரிய சொத்து அதன் பதிவேடுதான். எந்த இடத்தில், எந்த மாதம், என்ன உயிரினம், எத்தனை என்று ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்த கணக்கு அது.

சுங்கை புலோ சதுப்புநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் 1986இல் அந்த இடத்தைக் காக்கவேண்டும் என்று முன்மொழிவு எழுதினார்கள். 1993இல் 87 ஹெக்டரில் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் 130 ஹெக்டர் இயற்கைக் காப்பகமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. புலாவ் உபின் தீவிலுள்ள செக் ஜாவா கடலோரத்தில் 2001ஆம் ஆண்டு, கடலை மண்ணிட்டு நிரப்பும் நில மீட்பு தொடங்கவிருந்த சமயத்தில், தொண்டூழியர்கள் கடல் வற்றிய நேரங்களில் இறங்கி அங்கிருந்த உயிரினங்களைப் பதிவுசெய்தார்கள். அந்த நில மீட்பு பிறகு தள்ளிவைக்கப்பட்டது. உணர்ச்சியோடு எழுதும் கடிதத்துக்கு நன்றி சொல்லிப் பதில் வரும். கணக்கோடு போனால் உட்கார்ந்து பேசுவார்கள்.

கணக்கெடுப்பில் தலைவர் பிடிவாதமாக இருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் அதே பாதை, அதே நேரம், அதே அளவு நடை. செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசை வரும் கரைப்பறவைகளை எண்ணுவதென்றால் கடல் ஏறியிருக்கும் நேரமே சரி. கடல் வற்றினால் அவை சேற்றுவெளி எங்கும் இரை தேடிச் சிதறிவிடும். ஏறினால் ஒரே இடத்தில் ஒதுங்கி நிற்கும். பொதுவாக நடக்கும் தவறு, அபூர்வமான பறவை தென்பட்ட நாளை மட்டும் எழுதுவது. ஒன்றுமே தென்படாத நாளையும் தேதியோடு எழுதவேண்டும். அப்படி எழுதினால்தான் ஓர் உயிரினம் குறைந்துவருகிறதா, நாம்தான் போகவில்லையா என்பது பிறகு தெரியும்.

அடுத்து, களைக்கொடி அகற்றும் வேலை. சான்சிபார் வள்ளிக்கொடி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இதய வடிவ இலை, நீண்ட கூர்நுனி. இங்கே காட்டோர மரங்களின் மேல் போர்வையாகப் படர்ந்து, வெளிச்சத்தை மறைத்து அவற்றை நலிய வைக்கிறது. புதிதாக வருபவர்கள் கொடியைப் பார்த்ததும் பிடித்து இழுப்பார்கள். கூடவே கூடாது. இலைக்காம்பின் கணுவில் காய் போலச் சிறு கிழங்குகள் இருக்கும்; இழுத்தால் அவை உதிர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு புதுக்கொடியாகும். மேலே சிக்கியிருக்கும் காய்ந்த கிளையும் தலையில் விழலாம். முதலில் அடியில் கித்தான் விரித்து, எட்டும் உயரத்திலுள்ள சிறு கிழங்குகளைப் பறித்துப் பையில் போடவேண்டும். பிறகு கொடியை இடுப்பு உயரத்தில் வெட்டி, மேற்பகுதியைத் தொடாமல் அப்படியே காயவிட வேண்டும். மிச்சமுள்ள தண்டைப் பின்தொடர்ந்து மண்ணுக்குள் இருக்கும் பெரிய கிழங்கைத் தோண்டி எடுக்கவேண்டும். அது நஞ்சுள்ளது, கையுறை கட்டாயம். பையை இறுகக் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். உரக்குழியில் போட்டால் அங்கேயே முளைக்கும். சில வாரம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பிப் போகும் நாளை அன்றே குறித்துவிடுங்கள். ஒரே தடவையில் முடிந்த இடம் என்று எதுவும் கிடையாது.

இவற்றில் எதையும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் இயற்கைக் காப்பகத்திலோ பூங்காவிலோ செய்யக்கூடாது. களை என்று நாம் நினைத்துப் பிடுங்கினாலும் சட்டப்படி அது குற்றம்.

பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி போதும், அதற்கு மேல் போனால் கண்காணிக்க முடியாது. பள்ளித் தொண்டூழிய மணிக்கணக்குக்காக வரும் பிள்ளைகளை ஓரமாக நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடாதீர்கள். எண்ணும் வேலையை அவர்களிடம் கொடுங்கள்; நம்மைவிடக் கவனமாகச் செய்வார்கள். காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடிப்பது நல்லது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமழை அதிகம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவென்றால் உடனே கூரையுள்ள கட்டடத்துக்குள் போகவேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம். இதில் யாருடைய அவசரத்துக்கும் இணங்கக்கூடாது.

நல்ல குழுக்கள் பல, எதிர்ப்பினால் நிற்பதைவிடக் களைப்பினால்தான் நின்றுபோகின்றன. அனுமதிக் கடிதம், வாட்ஸ்அப் குழு, பறவைக் கணக்கு, கருவிகள் இருக்கும் கொட்டகையின் சாவி எல்லாம் ஒருவரிடமே இருக்கும். அவருக்கு வேலை மாறினாலோ, வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனாலோ மறுமாதமே கூட்டம் நடக்காது. தைப்பூசத்தின்போது தண்ணீர்ப் பந்தல் நடத்தியவர்களுக்கு இது நன்றாகப் புரியும்: அரிசிக்கு ஒருவர், அடுப்புக்கு ஒருவர், வரிசைக்கு ஒருவர் என்று பிரித்துவிட்டால் தலைவர் ஊரில் இல்லாவிட்டாலும் பந்தல் நடக்கும். இங்கேயும் கணக்கெடுப்பு, அனுமதி, பாதுகாப்பு, பணம் நான்கையும் நான்கு பேரிடம் கொடுங்கள். தலைவர் பதவிக்கு இரண்டு ஆண்டு என்று முன்பே வரம்பு வையுங்கள். அடுத்தவரை முதல் ஆண்டு முடியும்போதே துணைத்தலைவராக்கி, அதிகாரிகளைச் சந்திக்கும் கூட்டங்களுக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். முகப்பழக்கம் இல்லாதவரிடம் பதிவேட்டை மட்டும் ஒப்படைத்துப் பயனில்லை. மின்னஞ்சலும் கோப்புகளும் குழுவின் பெயரில் இருக்கவேண்டும். வங்கிக் கணக்குக்கு இருவர் கையெழுத்து.

புதிதாகக் குழு தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 10 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நடத்தும் குழு, சங்கங்கள் சட்டத்தின் கீழ் வரும். சங்கங்களின் பதிவகத்தில் பதிய வேண்டும். அதற்கு முன்னால், ஏற்கெனவே நடந்துவரும் ஒரு குழுவில் ஒரு வலசைப் பருவம் முழுக்க வெறும் உறுப்பினராக இருந்து பாருங்கள். கணக்கெடுப்புத் தாளை நிரப்பக் கற்றுக்கொண்ட பிறகு தலைமையைப் பற்றி யோசிக்கலாம்.

நன்றி, வணக்கம்.